செப்புக் குழாயோடு ஒரு வீம்பு

இன்னும் கட்டாத வீட்டுக்குள் ஆட்களை நடத்திக் காட்டுவதுதான் என் தொழில். கனடாவில் இருக்கும் ஒருவருக்கு மன்னாரில் வீடு கட்டும் ஆசை வந்தால் வரைபடம் என்னிடம் வரும். நான் கணினிக்குள் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, முற்றத்தில் ஒரு மாமரத்தையும் நட்டு, வாசலிலிருந்து படுக்கையறை வரை நடந்து போவது போலப் படமாக்கிக் கொடுப்பேன். மாடி வீடு, மூன்று குளியலறை வீடு, தூண் வைத்த வீடு எல்லாம் கட்டியாயிற்று. எங்கள் சமையல் குசினிக்கு மட்டும் இன்னும் கதவு இல்லை. வருகிற விருந்தாளிகளிடம் மனைவி முதலில் சொல்லும் செய்தி அதுதான்.

இந்தப் படங்களைக் கணினி ஒவ்வொன்றாக வரைந்து முடிக்க அரைநாளாவது ஆகும். அவ்வளவு நேரமும் அதன் மூளை கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் கூரை தகரம். மன்னார்த் தீவைச் சுற்றிக் கடல். காற்றில் உப்பு. உள்ளே வைத்த சின்னக் காற்றாடிகள் வாங்கிய சூட்டோடு கறள் பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருக்கும் கிழவர்களைப் போல இருமத் தொடங்கும். சூடு நூறு பாகையைத் தொட்டால் பெட்டி தன்பாட்டில் அணைந்து போகும். கனடாக்காரரின் மாடிப்படி பாதியில் நிற்கும். நான் விசிறி மட்டையோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குழந்தைக்கு விசிறுவது போல விசிறியிருக்கிறேன். நடுவில் நான் தூங்கிப்போனதும் உண்டு. பெட்டிதான் முழித்திருந்து அணைந்தது.

இதையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் கொழும்பிலிருந்து அத்தான் போன் எடுத்தார். அக்காவின் கணவர். ஒரு கட்டட நிறுவனத்தில் செல்வாக்கான ஆள், நல்ல மனிசன். எங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் நிற்பவர். அதுதான் அவரோடு உள்ள பிரச்சினை.

“தம்பி, உன்ரை மெசினே சொல்லுது அங்கை இருக்கேலாது எண்டு. நீ ஏன் அடம் பிடிக்கிறாய்? இஞ்சை எங்கடை கந்தோரிலை உனக்கொரு மேசை சொல்லி வைச்சிட்டன். ஏசி ரூம். ஆவணியிலை மடு மாதா திருநாளுக்கு வான் பிடிச்சு வாறம். திரும்பிப் போகேக்கை உன்னையும் உன்ரை பெட்டியையும் ஏத்திக்கொண்டு போறன்.”

‘ஏத்திக்கொண்டு’ என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. கைக்குழந்தையாக என்னை ஒரு படகில் ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இறக்கினார்கள். அந்த முகாமிலிருந்து வேறு முகாமுக்கு லொறியில் ஏற்றினார்கள். மீசை முளைத்த பிறகு திரும்ப ஏற்றி இங்கே இறக்கினார்கள். ஏற்றியவர் எல்லோரும் எங்கள் நன்மைக்கென்றே ஏற்றினார்கள். ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே ஒரு துண்டு மணல் காணியில், கதவில்லாத குசினியோடு, நானாக உட்கார்ந்த இடம் இது. ஒரு பெட்டிக்குக் காய்ச்சல் என்பதற்காக நான் இன்னொரு வாகனத்தில் ஏறுவதா?

இதை அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

“அத்தான், நான் பெட்டியைத் தண்ணியாலை குளிரப் பண்ணப் போறன். திருநாளுக்கு வந்து பாருங்கோ. அண்டைக்கும் கொதிச்சு நிண்டுதெண்டால், ஒரு கதையும் இல்லாமல் உங்கடை வானிலை ஏறுறன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி. பக்கத்துச் சிறுவர் பள்ளியில் படிப்பிக்கிறாள். சின்னப் பிள்ளைகள் மணலை வாயில் போடும்போது பார்க்கும் அதே பார்வை.

“பந்தயம் கட்டேக்கை வீட்டிலை இன்னொரு ஆள் இருக்கிறது ஞாபகம் வரேல்லையோ?”

“தோக்க மாட்டனப்பா.”

“தோத்தா நீங்கள் மட்டும் போங்கோ. நான் இஞ்சைதான். குசினிக்குக் கதவாவது வந்து சேரும்.”

தண்ணீரால் குளிர்விப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். கணினியின் மூளைக்கு மேலே ஒரு செப்புக் கட்டி உட்காரும். அதன் வயிற்றுக்குள் தலைமயிர் கனத்தில் பள்ளங்கள். சின்னப் பம்பொன்று அதற்குள்ளால் தண்ணீரை ஓட விடும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் வேறோரிடத்தில் ஆறித் திரும்பி வரும். கட்டியையும் பம்பையும் இணையத்தில் வாங்கினேன். ஆறுகிற இடத்துக்கு அவர்கள் விற்பது காற்றாடி பூட்டிய அலுமினியச் சட்டம். அலுமினியத்தையும் செப்பையும் ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். காற்றாடியோ, இங்கே உப்புக்குத் தீனி. அதனால் முழுக்கச் செப்புக் குழாய், காற்றாடியே கிடையாது என்று முடிவெடுத்தேன். யன்னலுக்கு வெளியே குழாயை மடித்து மடித்துச் சட்டத்தில் கட்டிவிட்டால் மிச்சத்தைச் சோளகம் பார்த்துக்கொள்ளும். வைகாசியில் தொடங்கும் அந்தத் தென்மேல் காற்று மாதக்கணக்காக எங்கள் சோற்றில் மணல் தூவுகிறது. ஒரு நாளாவது எனக்கு உழைக்கட்டும் என்று நினைத்தேன்.

செப்புக் குழாய் பாலத்துக்கு அப்பால் அடம்பன் என்ற ஊரில் கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற அண்ணை ஒருவர், லொறிச் சில்லளவு வளையமாகச் சுற்றிய முழுக் குழாயைத் தந்தார். “வளைக்கிறதுக்கு இந்த ஸ்பிரிங்கையும் கொண்டுபோங்கோ தம்பி, இல்லாட்டி நசுங்கும்” என்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற முகத்தோடு வேண்டாமென்றேன். மன்னாருக்கு வரும்போது மூட்டுகளை மட்டும் ஒட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

வளையத்தைப் பஸ்ஸில் வைக்க இடமில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். நடத்துநர் டிக்கட்டைக் கிழிக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணை, கசிப்புக்கோ?”

கள்ளச் சாராயம் வடிப்பவர்களும் இதே குழாயைத்தான் இப்படிச் சுற்றி வைத்திருப்பார்கள். பஸ் முழுவதும் திரும்பியது.

“இல்லை, கம்பியூட்டருக்கு.”

பஸ் குலுங்கச் சிரித்தார்கள். முன் சீட்டில் மடியில் கோழியோடு இருந்த அம்மா ஆறுதலாகச் சொன்னார்: “உள்ளதைச் சொல்லு ராசா, ஒருத்தரும் பிடிச்சுக் குடுக்க மாட்டினம்.” பின்னாலிருந்து ஒரு குரல்: “எப்ப இறக்குவீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ!” பாலம் கடந்து தீவுக்குள் வருவதற்குள் எனக்கு மூன்று வாடிக்கையாளர்கள் சேர்ந்திருந்தார்கள்.

குழாயைக் கூர்மையாக வளைத்தால் உள்ளே நசுங்கி வழி அடைபடும். அதற்கு ஸ்பிரிங் இல்லாதவர்கள் மணலை நிரப்பி, இரு வாயிலும் மரக்கட்டை அடித்து, சூடாக்கி வளைப்பார்கள் என்று படித்திருந்தேன். மன்னாரில் இருந்துகொண்டு மணலுக்கு யாரிடம் போவது? வாசலுக்கு வெளியே சிரட்டையால் அள்ளினேன். நிரப்பினேன். அடித்தேன். காஸ் விளக்கின் நீலச் சுவாலையைப் பிடித்தேன். எங்கள் மணல் பார்வைக்குக் காய்ந்தது, உள்ளுக்குள் கடல் ஈரம். அந்த ஈரம் ஆவியாகி வழி தேடியது. ‘டொப்’ என்று மரக்கட்டை பறந்து, கதவில்லாத குசினிக்குள் நுழைந்து, நேராகச் சோற்றுப் பானைக்குள் விழுந்தது.

மனைவி அகப்பையால் அதை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள்.

“கதவு போட்டிருந்தா சோறு தப்பியிருக்கும்.”

அடுத்த தடவை மணலை வறுத்து நிரப்பினேன். அதுவும் அவளுடைய சட்டியில்தான், அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது. குழாய் அழகாக வளைந்தது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வளைவு அதுதான் என்று யன்னலுக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தேன். அடம்பன் அண்ணை வந்து மூட்டுகளை ஒட்டினார். சைக்கிள் பம்பால் காற்றடித்து, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. ஜாம் போத்தல் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியாக வைத்தேன். உள்ளே வாகன பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டாலே நாக்கு கரிக்கும், அதைச் செப்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

இதை முதலில் பார்க்க வந்தவன் மச்சான், மனைவியின் தமையன், வங்காலையில் கடலுக்குப் போகிறவன். மீன் கொண்டுவந்தவன் வளையங்களைத் தடவிப் பார்த்தான்.

“இதுதானே என்ரை படகு எஞ்சினும் செய்யுது. கடல் தண்ணியை உறிஞ்சும், உள்ளை சுத்தும், பின்னாலை மூத்திரம் பெய்யும். மூத்திரம் நிண்டா எஞ்சின் எரிஞ்சு போச்சு. உன்ரை பெட்டிக்கு மூத்திரம் எங்கை?”

“இது வெளியாலை போறதில்லை மச்சான். உள்ளுக்குள்ளையே சுத்துறது.”

“தெரியாமல் எப்பிடி நம்புறது? கண்ணாலை காட்டு.”

அவனுடைய தொல்லை தாங்காமல், திரும்பி வருகிற குழாயின் வாயைப் போத்தலுக்கு மேலே தூக்கி வைத்தேன். தண்ணீர் வளைந்து விழுவது எல்லோருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து வாசலில் மோட்டர் சைக்கிளை நிறுத்தும்போதே கத்துவான்: “மூத்திரம் போகுதோ?” தெருவில் போகிறவர்களுக்கு என் உடல்நிலையில் சந்தேகம் வந்தது. முதற் சோதனையில் சூடு எழுபதைத் தாண்டவில்லை. சோளகம் யன்னலுக்கு வெளியே செப்பில் மோதி விசிலடித்தது. நான் அத்தானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் கைகூப்பிய படமொன்றைத் திருப்பி அனுப்பினார். வணக்கமா, அஞ்சலியா தெரியவில்லை.

ஒரு கிழமை கழித்து விழுகிற தண்ணீர் மெலிந்தது. அடுத்த நாள் சொட்டியது. சூடு பழையபடி தொண்ணூறுக்கு மேல். பம்பைக் குறை சொன்னேன், மின்சாரத்தைக் குறை சொன்னேன், மச்சான் கண்ணூறு போட்டான் என்றும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் செப்புக் கட்டியைக் கழற்றித் திறந்தால், தலைமயிர்ப் பள்ளங்கள் எல்லாவற்றிலும் மன்னார் குடியேறியிருந்தது. மணல். மணலோடு சிப்பித் தூள். தண்ணீர் நுழையும் வாயில் ஒரு முழுச் சோழிக் குஞ்சு, கடுகளவு. குழாயை வளைத்து முடித்ததும் தட்டிக் கொட்டினேனே தவிர, உள்ளே ஒட்டியதைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரன் மணலைப் பார்த்தால் அழுக்கு என்று நினைத்திருப்பான். எங்களுக்கு அது சோற்றிலும் படுக்கையிலும் இருக்கிற சாமான், கண்ணில் படுவதில்லை.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஒரு தையல் ஊசியும் பழைய பல்துலக்கியும் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். பழப்புளி கரைத்துத் தேய்த்தாள். செப்பு விளக்க விளக்கச் சிவந்தது. குழாய்க்குள்ளால் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தோம். வெளியே வந்த மணலை வைத்து இன்னொரு மன்னார் கட்டலாம்.

“இஞ்சை பாருங்கோ,” என்றாள், பள்ளத்திலிருந்து ஊசியை எடுக்காமலே. “அத்தானுக்கு முன்னாலை இது நிக்கக் கூடாது. நான் அந்தப் பிள்ளையளை விட்டிட்டு வர மாட்டன். உங்களை விட்டிட்டு இருக்கவும் மாட்டன். விளங்கிச்சோ?”

விளங்கியது. அதுவரைக்கும் இது என் ஒருவனின் வீம்பென்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணித் திருநாள் முடிந்து அக்காவும் அத்தானும் மடுவிலிருந்து வந்து இறங்கினார்கள். வானின் கடைசி சீட்டை மடித்து மெத்தை போட்டிருந்தார், பெட்டி குலுங்காமல் இருக்க. மறுநாள் கனடாக்காரர் ஒருவருக்கு மாடி வீடு ஒன்றை முடித்து அனுப்ப வேண்டியிருந்தது. அவர் பின்னேரம் தன் சகோதரங்களைக் கூட்டி வைத்துக் காட்டப் போகிறார். அதையே சோதனையாக வைப்போம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

காலையில் கணினியை ஓட விட்டேன். தண்ணீர் தடிப்பாக விழுந்தது. மீனோடு வந்த மச்சான் பார்த்துத் தலையாட்டினான். நான் நெஞ்சை நிமிர்த்தி வெளியே போனேன். வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

சோளகம் நின்றிருந்தது. மாதக்கணக்காக உடுப்புக் கொடியையும் தகரத்தையும் பிய்த்தெறிந்த காற்று, சாட்சி வந்த அன்றைக்கு லீவு போட்டிருந்தது. செப்பு வெயிலில் சும்மா தொங்கியது. சூடு எழுபத்தெட்டு. எண்பத்திரண்டு. வீட்டில் இருந்த ஒரே மின்விசிறி அத்தானுக்கு முன்னால் சுழன்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்கி வெளியே வைப்பதை விட நேரே வானில் ஏறி இருந்துவிடலாம்.

“எண்பத்தொன்பது,” என்றார் அத்தான், திரையைப் பார்த்து. குரலில் சந்தோஷமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். “விடு தம்பி. முயற்சி செய்தாய். உடுப்பை அடுக்கு.”

நான் மச்சானின் மோட்டர் சைக்கிளுக்கு ஓடினேன். மீன்பெட்டியின் மேல் கிடந்த சாக்கை இழுத்தேன். வெயிலில் மீன் கெடாமல் அவர்கள் நனைத்து மூடுகிற சாக்கு. அதைக் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்துச் செப்பின் மேல் போர்த்தி, மேலே வாளியால் ஊற்றினேன். ஊற்றினேன் என்றால், மாடு குளிப்பாட்டுவது போல. மச்சான் கிணற்றில் அள்ளினான், நான் ஊற்றினேன், மனைவி வெறும் வாளியைத் திருப்பிக் கொடுத்தாள். மீன் மணத்துக்குத் தெருப் பூனைகள் வந்து வரிசையாகக் குந்தின. கழுதையொன்று வேலிக்குள்ளால் தலையை விட்டு வடிகிற தண்ணீரை நக்கியது.

யன்னலுக்கு உள்ளே அத்தான் எண்களை வாசித்தார்.

“தொண்ணூற்றொண்டு… தொண்ணூற்றொண்டு… நிக்குது. தொண்ணூறு.”

“இன்னும் எவ்வளவு வீடு கிடக்கு அத்தான்?”

“மேல்மாடி வந்திட்டுது. எண்பத்தேழு! ஏன் நிப்பாட்டினாய்? ஊத்தடா, ஊத்து!”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். “எண்பத்தொண்டு! மொட்டைமாடி! தண்ணித் தாங்கியைக் காட்டுறான்! ஊத்து!”

பின்னேரத்துக்கு முன்பே படம் முடிந்து கனடாவுக்குப் போய்விட்டது. நான் தலையிலிருந்து கால்வரை மீன் தண்ணீரோடு விறாந்தையில் மல்லாந்து கிடந்தேன். என் சாரத்தில் பூனையொன்று முகர்ந்து பார்த்தது.

சாப்பிடும்போது அத்தான் பழைய ஆளாகிவிட்டார்.

“சரி, நிக்கேல்லை. ஒத்துக்கொள்ளுறன். ஆனா தம்பி, வாளியோடை நிண்டே தொழில் செய்யப் போறியே? காத்து விழுற ஒவ்வொரு நாளும் இந்தக் கூத்தோ?”

“ஓம் அத்தான்.”

“மாரியிலை?”

“மழை ஊத்தும்.”

“அப்ப அவையளுக்கு நான் என்ன சொல்லுறது? மேசை போட்டு வைச்சிருக்கிறாங்கள். காரணம் கேப்பாங்கள்.”

காரணங்கள் என்னிடம் ஒரு லொறி இருந்தன. செப்பு, காற்று, பாகைக் கணக்கு, அலுமினியம் ஏன் கூடாது என்கிற பிரசங்கம். மூன்று மாதமாக அவற்றைத்தான் வளைத்து, ஒட்டி, நுரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கறிச் சட்டியோடு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்காகச் சொன்னதாகப் போய்விடும்.

“எனக்கு வர விருப்பமில்லை எண்டு சொல்லுங்கோ.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான். இனிப் பெட்டி எரிஞ்சு சாம்பலானாலும் வர மாட்டன். பேப்பரிலை வீடு கீறிப் பிழைப்பன்.”

அத்தான் சோற்றைக் கொஞ்சநேரம் பிசைந்தார்.

“இதை அண்டைக்குப் போனிலையே சொல்லியிருக்கலாமேடா. மெத்தை எல்லாம் வாங்கினன்.”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களோ?”

அவர் உண்மையாகவே யோசித்தார். நல்ல மனிசன் என்றேனே.

“இல்லை,” என்றார். பிறகு சோற்றுக் கோப்பையை மனைவியின் பக்கம் நீட்டினார். “கணவாய் இன்னும் ரெண்டு துண்டு போடு பிள்ளை.”

அவள் நாலு துண்டு போட்டாள்.